கழுவாத டிரில்

பனி விலகுவதற்குள் வாகியெம் முப்பது எண்ணெய்ச் செம்பனையைத் துளைத்துவிட்டாள். அடிமரத்தில் மண்டியிட்டு, டிரில்லை நெஞ்சால் அழுத்த வேண்டும். தூளைச் சிறு குழாயில் பிடித்து, கூட வேலை செய்யும் டுமினி எண் எழுதுவாள். மருந்தில் கலந்து சூடாக்கினால் அரை மணியில் தெரிந்துவிடும். மருந்து இளஞ்சிவப்பாகவே இருந்தால் மரம் நலம், மஞ்சளானால் உள்ளே பூஞ்சை.

எட்டு மணிக்கு எல்லோரையும் மேலாளரின் பங்களா வாசலுக்குக் கூப்பிட்டார்கள்.

"பதினேழாம் பிரிவு மொத்தமும் மஞ்சள். வெள்ளிக்கிழமை மரத்தையெல்லாம் சாய்க்கறோம். அங்க குலை வெட்டற நாப்பது குடும்பமும் லயத்து வீட்டைக் காலி பண்ணிடுங்க" என்றார் மேலாளர் ஹர்தோனோ.

"எங்கய்யா போவோம்?" என்றாள் டுமினி.

"வந்த ஊருக்கு."

"நான் பொறந்ததே இந்த லயத்துலதான்!"

வாகியெமுக்குக் காரணம் தெரியும். ஒவ்வொரு மரத்துக்கும் டிரில் முனையைப் பிளீச்சில் கழுவ வேண்டும். மூன்று நாள் முன்பு பதினேழாம் பிரிவைத் துளைத்த அன்று பிளீச் இல்லை, டுமினியும் வேலைக்கு வரவில்லை. 'கைலில தொடைச்சுட்டு ஓடு, நூத்திருவது மரம் கெடக்கு' என்றான் கங்காணி சிஹோம்பிங். முதல் மரம் மட்டும் நிஜமாகவே அழுகியிருந்தது. அதன் தூளைத்தான் நூற்றிருபது மரத்துக்கும் சுமந்திருக்கிறாள். வாயைத் திறந்தால் வேலை போகும். குலை விழுந்து கால் முறிந்த புருஷன் வீட்டில் கிடக்கிறான்.  ஆனால் டுமினி தலையில் அடித்துக்கொண்டு அழுததை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நான் முனையக் கழுவல ஐயா. மரத்துல நோயில்ல, டிரில்லுலதான் இருக்கு."

"கதை அளக்காத!"

வாகியெம் டிரில்லை எடுத்தாள். பங்களா கேட்டருகே நோயால் காளான் பூத்து நின்ற பனையைத் துளைத்தாள். முனையைத் துடைக்காமல் அப்படியே வந்து பங்களாவின் தேக்குத் தூணைத் துளைத்தாள். தூளைச் சோதனைக்காரப் பெண் ரெத்னோவிடம் நீட்டினாள். ரெத்னோ மேலாளரைப் பார்த்தாள், பிறகு குழாயைச் சூட்டில் வைத்தாள்.

அரை மணி யாரும் நகரவில்லை. குழாய் மஞ்சளானது.

"பங்களாவையும் வெள்ளிக்கிழமையே சாய்ச்சிடலாமா ஐயா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

மேலாளரின் முகம் கறுத்தது. "நீ இன்னையோட வேலையில இல்ல. மெஷின் வரும், மரம் விழும்." கதவு அறைந்து சாத்தப்பட்டது.

டுமினி திரும்பினாள். "மூணு நாளா ஏன்டி வாயில மண்ணு?"

"பயந்துட்டேன்."

"நாங்க மட்டும் என்ன, வீரமா நிக்கறோம்?" டுமினி அவள் கையைப் பிடித்தாள். "எல்லாரும் கேளுங்க! கழுவின முனையோட ஒவ்வொரு மரத்தையும் மறுபடி சோதிக்கணும். இவளுக்கு வேலை திரும்பணும். அதுவரைக்கும் ஒரு குலை விழாது!"

நீண்ட அரிவாள்கள் ஒவ்வொன்றாகத் தரையில் சாய்ந்தன.

வெள்ளிக்கிழமை விடியலில் மெஷினின் உறுமல் ரோட்டில் கேட்டது. பதினேழாம் பிரிவில் மரத்துக்கு ஒருவர் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். கிழவர்களைச் சேர்த்தும் ஆள் போதவில்லை. முப்பது மரம் தனியாக நின்றது. வாகியெம் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தபோது, பதினெட்டாம் பிரிவின் வாய்க்காலைத் தாண்டிப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"எங்களுக்கு எந்த மரம்க்கா?" என்று கேட்டாள் முன்னால் வந்தவள்.