சரி பண்றேன்

இளையோர் சதுரங்கப் போட்டியில் காலையில் வகுப்பு, மதியம் ஆட்டம். கோணலாக நிற்கும் காயை எப்படி நேராக்குவது என்று மாஸ்டர் அன்று காலைதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"முதல்ல 'சரி பண்றேன்'னு சொல்லணும். அப்புறம்தான் கை வைக்கணும். சொல்லாம தொட்டா அந்தக் காயைத்தான் நகர்த்தியாகணும். விழுந்து பொரண்டாலும் மன்னிப்பு கிடையாது."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவருடைய மகள் சிரிக்கவில்லை. அவளுக்குத் திக்குவாய். அதிலும் 'ச' என்றால் மலை ஏறுகிற மாதிரி.

மதியம் கடைசிச் சுற்று. ஜெயிப்பவருக்கு உறைவிடப் பயிற்சியில் இடம், ஒரே இடம்தான். அதற்காக அவள் தூக்கத்தைத் தொலைத்திருந்தாள். பள்ளியில், கடையில், பஸ்ஸில், எங்கே போனாலும் வாயைத் திறந்தாக வேண்டும். பலகைக்கு முன்னால் மட்டும்தான் யாரும் அவளைப் பேசச் சொல்லவில்லை.

எதிரே குண்டூசி உட்கார்ந்திருந்தான். பேச்சு குத்தும் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர்.

தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் மாஸ்டர் நின்றார். மகளின் ராணி கட்டத்தின் ஓரத்தில் ஒதுங்கி நின்றது. அவள் பற்கள் நெருங்கின. "ச்... ச்..." காற்றுதான் வந்தது. விரல் ராணிமேல் பட்டது.

"தொட்டுட்டா," என்று குண்டூசி கையைத் தூக்கினான்.

பெண் நடுவர் வந்தார். "சொல்லிட்டுத்தான் தொட்டியாம்மா?"

அவள் வேகமாகத் தலையாட்டினாள்.

"டயர்ல காத்து எறங்கின மாதிரி ஏதோ கேட்டுச்சு மேடம். அதுவா?" என்றான் குண்டூசி. பக்கத்துப் பலகையில் யாரோ களுக்கென்றார்கள்.

நடுவர் திரும்பினார். "நீங்க இங்கதான நின்னீங்க மாஸ்டர். சொன்னாளா?"

சொன்னாள். அந்தக் காற்று எந்தச் சொல்லின் தலை என்று அந்தக் கூடத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆனால் சுவரோரம் மற்ற பெற்றோர்கள் நின்றார்கள். 'அவர் பொண்ணுதான, ஜெயிக்காம என்ன' என்று போன சுற்றில் ஒருவர் முணுமுணுத்தது இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

"எனக்குக் கேக்கல," என்றார்.

மகள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ராஜாவுக்குக் காவல் நின்ற ராணி அது. எங்கே நகர்த்தினாலும் தோல்விதான். நகர்த்தினாள். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது. குண்டூசிக்குக் கை கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

ஒரு தகப்பன் வந்து மாஸ்டரின் முதுகில் தட்டினார். "பெத்த பொண்ணுன்னும் பாக்கல சார் நீங்க."

வாசல் படியில் அவள் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் ஒரு காலின் முடிச்சை இறுக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் பாத்துட்டிருந்தாங்கம்மா," என்றார் கடைசியில்.

"அப்பா, நீ... நீ..."

அவர் காத்திருந்தார். அவள் எவ்வளவு திணறினாலும் அவர் சொல்லை எடுத்துக்கொடுப்பதில்லை. எவ்வளவு நேரமானாலும் அவளும் அவரிடம் முடிக்காமல் விட்டதில்லை. உள்ளே மேசைகளை மடக்கும் சத்தம் கேட்டது.

அவள் வாயை மூடிக்கொண்டு அடுத்த காலின் கயிற்றை எடுத்தாள்.