ரசம் சோற்றில் விழுந்த பூச்சி

"பூச்சின்னா உங்களுக்கு அருவருப்பு உண்டா?"

பெண் பார்க்கப் போன அன்று ரஞ்சனி அவனிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"எனக்கா? மறைமலை நகர் கம்பெனில தெனமும் கிரீஸ்ல பொரள்றவன் நான். பூச்சியெல்லாம் ஜுஜுபி!" என்றான் வசந்தகுமார். அவள் சிரித்த அழகுக்கு அவன் எந்தப் பொய்யையும் சொல்லியிருப்பான்.

படப்பையில் குடித்தனம் வைத்து மூன்று மாதமாகிறது. விலங்கியல் படித்த ரஞ்சனிக்கு அவளுடைய பேராசிரியை ஒரு வேலை கொடுத்திருந்தார். அந்த வட்டாரத்துக் கொய்யாத் தோப்புகளில் பழத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும் அந்துப்பூச்சிகள் இரண்டு வகை. எது அதிகம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இருட்டியதும் அவற்றை வரவழைக்க, அழுகிய வாழைப்பழத்தை வெல்லத்தோடு பிசைந்து ஊறவைத்து, கொல்லைப் பூவரசு மரத்தில் பூசிவைப்பாள். அந்தக் கரிய கூழில் நெளியும் புழுக்களைக் கையாலேயே வழித்துப் போடுவாள். புளித்த நாற்றம் தலையணை வரை வந்துவிட்டது.

"இன்னா வசந்து, வூட்லயே சரக்கு காச்சுறியா? எங்க வூட்டுக்காரருக்கும் ஒரு கிளாஸ் குடேன்" என்று பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து மானத்தை வாங்கினாள்.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்து, அகோரப் பசியோடு சாப்பிட உட்கார்ந்தான். கொல்லைக் கதவு வழியாக வந்த தடித்த பூச்சி ஒன்று, விளக்கில் மோதித் தொப்பென்று ரசம் சோற்றில் விழுந்தது.

"ஐயோ, அசையாதீங்க!" ரஞ்சனி அதைச் சோற்றோடு அள்ளினாள். "மேல் றெக்கை ரெண்டு வகைக்கும் காஞ்ச எலை மாதிரிதாங்க இருக்கும். அடி றெக்கையைப் பார்த்தாத்தான் தெரியும்."

பிரித்துப் பிடித்தாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கறுப்புப் பொட்டு.

"வட்டமா இருக்கு பாருங்க! இன்னொண்ணுக்கு இது வளைஞ்சு, பிறை மாதிரி இருக்கும்."

கொழுத்த வயிறு அவள் விரலிடுக்கில் பிதுங்கி, பழுப்பாக ஒரு சொட்டு வடிந்தது. பூச்சியை டப்பாவில் போட்டு மூடியவள், இறக்கைப் பொடி அப்பிய அதே விரல்களால் அவன் தட்டில் ஓர் அப்பளத்தை வைத்தாள். பிறகு, அவன் உதட்டோரம் ஒட்டியிருந்த பருக்கையை எடுக்க ஆசையாகக் கை நீட்டினாள்.

வசந்தகுமார் விருட்டென்று பின்வாங்கினான். கொல்லைக்கு ஓடி, குடலே வெளியில் வந்துவிடும்போல வாந்தியெடுத்தான்.

முகம் கழுவிக்கொண்டு திரும்பியபோது ரஞ்சனி பெட்டியில் புடவைகளைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"தாம்பரத்துக்கு. எங்கப்பா வூட்டுக்கு. நான் கை வெச்சாலே கூசிப்போய் நகர்ந்துக்கறீங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து பாத்துக்கினுதான் இருக்கேன். இன்னிக்கு வாந்தியே வந்துடுச்சு. புடிக்காத பொண்டாட்டிகூட எத்தினி நாளைக்குத்தான் நல்லவராட்டம் நடிப்பீங்க?"

அவள் மனம் நோகக்கூடாதென்று பூச்சி அருவருப்பை அவன் வாய்விட்டுச் சொல்லாமல் மறைத்தது இப்படியா முடிய வேண்டும்? அவள் கண்ணைத் துடைத்தாள். விரல் நுனிகளில் அந்தப் பொடி இன்னும் மினுங்கியது. அவனுக்கு மறுபடியும் குமட்டியது. அடக்கிக்கொண்டு அவளருகே போனான்.

"ரஞ்சனி, சோப்பு போட்டுக் கையக் கழுவிக்கினு வந்து, எம் பக்கத்துல ஒக்காரேன்" என்றான்.