வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரி

ஜோவின் அப்பாவின் பெயரை 'இன்பசேகரன்' என்று அடித்துவிட்டுக் காத்திருந்தான். லேப்டாப் திரையில் ஒவ்வோர் எழுத்தாக ஆற அமர வந்து உட்கார்ந்தது. எதிரே ஹாலில் அப்பா சவப்பெட்டிக்குள் கிடந்தார். தலைக் கட்டு புருவம் வரை இறங்கியிருந்தது. மூன்று மணிக்கு அடக்க ஆராதனை. அதற்குள் வாழ்க்கைக் குறிப்பை அடித்து, போட்டோவோடு அச்சுப் போட்டுச் சபையார் கையில் கொடுத்தாக வேண்டும். "கோயில்ல மூத்த பையன் நீதான்பா படிக்கணும்" என்று போதகர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பிறப்பு, ஞானஸ்நானம், ஆம்பூர் ஷூ கம்பெனி கட்டிங் பிரிவில் இருபத்தாறு வருஷம் எல்லாம் அடித்தாயிற்று. கடைசி நாள்தான் பாக்கி.

லேப்டாப் ஆமை மாதிரி ஊர்கிறது என்று ஆறு மாதமாகப் புலம்பியவன் அவன்தான். கேட்டுக் கேட்டு, மனுஷன் முந்தாநாள் லீவு போட்டுவிட்டு வேலூர் வரை போய், லேப்டாப்பை வேகமாக்கும் மெமரி, ஒரு ராம் வாங்கிவந்தார். "667-பா. வேகம் ஜாஸ்தியாம்" என்று முகமெல்லாம் சிரிப்பாக நீட்டினார்.

"யாரக் கேட்டுப்பா வாங்கின? இந்த மிஷினு 533-தான். இது சேராது. போய் மாத்திக்கினு வா."

சேரும். உள்ளே போட்டால் அதுவும் 533 வேகத்தில் சமர்த்தாக ஓடும். கூடுதல் வேகத்துக்குக் கொடுத்த ஐந்நூறு ரூபாய்தான் தண்டம். இதெல்லாம் அவனே போன வாரம் படித்ததுதான். தன்னைக் கேட்காமல் வாங்கிவிட்டாரே என்று ஒரு கடுப்பு, படித்த திமிர், வேறென்ன! நேற்றுச் சாயங்காலம் அதை மாற்றிக்கொண்டு திரும்பும்போது, பள்ளிகொண்டா தாண்டி லாரி அடித்துவிட்டது.

"தம்பி..."

ரஷீத் அஹமது நின்றிருந்தார். வேலூர் கடைக்காரர். அப்பாவின் சட்டைப் பையில் இருந்த பில்லைப் பார்த்துப் போலீஸ் அவருக்குத்தான் முதலில் போன் போட்டிருந்தது.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்பா. இதயே போடுங்க, ஓடும், ஒண்ணும் ஆவாதுன்னு. 'இல்ல பாய், என் பையன் சொன்னா கரெக்டா இருக்கும்'னாரு. அப்புறம்தான் 533 தேடி எடுத்துக் குடுத்தேன்."

ஜோவின் திரும்பினான். பின்னால் அம்மா ரோஸ் நின்றிருந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ!

"பாய், அவரு எனக்கு சுகர் மாத்திரை வாங்கத்தான் வந்தாரு" என்றாள். "வந்த எடத்துல உங்க கடைக்கும் வந்திருப்பாரு."

ரஷீத் அவளைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டுப் பெட்டிப் பக்கம் போனார்.

வாசலில் அழுகை பெரிதாகக் கேட்டது. அப்பாவின் அக்கா, ஃபீபி அத்தை. உள்ளே வந்ததும் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏம்மா ரோசு, ஆம்பூர்ல மெடிக்கலே இல்லியா? ஒரு மாத்திரைக்கு என் தம்பிய அம்மாந்தூரம் தொரத்துவியா? இப்டி முழுங்கிட்டியே!"

ஆக, காலையிலிருந்தே அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொல்லி, மாத்திரைக் கதை தெருமுனை வரைக்கும் போயிருந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஜோவின் எழுந்து அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போனான்.

"இன்னாம்மா இது? நீ எங்க அனுப்சே?"

"வாசப்படியில எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. 'அது சேராதாம் ரோசு'ன்னு."

"சேரும்மா." ஜோவின் சுவரைப் பார்த்துச் சொன்னான். "சேரும்னு எனக்கு அப்பவே தெரியும்."

அம்மா அவன் முகத்தையே பார்த்தாள். கை ஓங்குவாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது.

"நான் போய் அத்தைகிட்ட சொல்லிடறேன்மா."

"வாய மூடு. என்ன ஏசினா நாலு நாளு ஏசுவாங்க. உன்ன ஆயுசுக்கும் சொல்லுவாங்கடா, அப்பன் உயிர எடுத்தவன்னு. போ. போய் மாத்திரைன்னே அடி."

அடித்தான். எழுத்து வழக்கம்போலத் தாமதமாக வந்தது.

மூன்று மணிக்குக் கோயிலில் எல்லார் கையிலும் அந்தத் தாள் இருந்தது. பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று ஜோவின் வாசித்துக்கொண்டே வந்தான். அந்த வரி வந்ததும் நின்றுவிட்டான். சொல்லிவிடலாம். இந்த நிமிஷம் விட்டால் இனி எப்போதும் முடியாது. தாளிலிருந்து கண்ணை எடுத்தான். முதல் பெஞ்சில் அம்மா அவனைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"தம் மனைவிக்கு மாத்திரை வாங்க வேலூர் சென்று திரும்புகையில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்."

அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்த ஃபீபி அத்தை, சேலையை இழுத்துக்கொண்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். ஜோவின் அடுத்த வரியைப் படித்தான்.