அத்தான் காலில் புது சாக்ஸ்

எவனாவது பொருளை ஒளித்துவைத்தால், வைத்தோமா, வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோமா என்று இருப்பான். நம்ம சாக்ஸ்காரனுக்கு அந்தச் சாமர்த்தியம்கூடக் கிடையாது. வியாபாரம் படுத்து, திவால் மனு போடுவதற்கு முந்தின வாரம், பட்டறையில் உருப்படியாக இருந்த ஒரே பின்னல் மெஷினை அக்கா வீட்டு ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். அதை எப்போதோ அத்தானுக்கு விற்றுவிட்டதாகப் பழைய தேதி போட்டு ஒரு பத்திரமும் தயார் செய்தான்.

"சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான் அத்தான்."

அத்தான் பஸ் டிரைவர். வாழ்நாளில் யாரிடமும் ஒரு பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். மைத்துனன் முகம் வாடியிருப்பதைப் பார்த்தார், பத்திரத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அதோடு விட்டானா? பின்னல் மெஷினைச் சும்மா போட்டால் ஊசியெல்லாம் துருப்பிடித்துவிடும். பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்ட மாதிரி தவித்தான். ஞாயிற்றுக்கிழமையானால் போய் எண்ணெய் விட்டு ஓட்டினான். நூல் இல்லாமல் ஓட்டினால் ஊசி கெட்டுப்போகும் என்று நூலும் போட்டான். நூல் போட்டு ஓட்டினால் என்ன வரும்? சாக்ஸ்தான் வரும்! முதலாளி திவாலானது மெஷினுக்கு எப்படித் தெரியும்?

சொத்தைக் கணக்கெடுக்க வந்த கோர்ட் அதிகாரியிடம் அத்தான், சொல்லிக்கொடுத்தபடி, "வாங்கின நாள்லேர்ந்து மூடியேதான் சார் கெடக்கு" என்றார். அதிகாரி அவர் காலைப் பார்த்தார். புத்தம்புது சாக்ஸ், சாக்ஸ்காரன் பட்டறைக்கே உரிய இரட்டை மஞ்சள் கோடு. துணி காயும் கொடியைப் பார்த்தார். அங்கேயும் வரிசையாக மஞ்சள் கோடு. மெஷினை மூடியிருந்த தார்ப்பாயைத் தூக்கினார். ஊசியில் பாதி சாக்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் கேட்கவா வேண்டும். கடன்காரர்களை ஏமாற்றச் சொத்தை மறைத்தவனுக்குக் கடனிலிருந்து விடுதலை கிடையாது என்று கீழ்க்கோர்ட் கதவைச் சாத்திவிட்டது. இனி அவன் பெயரில் ஒரு பெட்டிக்கடைகூட வைக்க முடியாது. கடைசி நம்பிக்கையாக மேல்முறையீடு செய்தான். இன்றைக்கு அதில்தான் விசாரணை.

கோர்ட் ஹாலில் பின்வரிசை பெஞ்சில் அவனும் அக்காவும் அத்தானும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் ஷூவை லேசாகக் கழற்றிக் குதிகாலைத் தடவினார். அதிகாரி வந்துபோன நாளிலிருந்து அவர் சாக்ஸ் போடுவதே இல்லை. வெறுங்காலில் ஷூ மாட்டி பஸ் ஓட்டி, குதிகால் புண்ணாகிக் கிடந்தது.

"வேற சாக்ஸ் வாங்கிப் போட்டுக்கங்கன்னா கேட்டாத்தானே" என்று அக்கா முணுமுணுத்தாள்.

"எந்த சாக்ஸைப் பாத்தாலும் அந்த ஆபீசர் மூஞ்சிதான்டி ஞாபகம் வருது" என்றார் அத்தான்.

வக்கீல் என்னமோ வெளுத்து வாங்கினார். மெஷின் ஓடியதாலேயே அது இவனுடையது என்று ஆகிவிடுமா? அத்தானைக் கூண்டில் ஏற்றி யாராவது விசாரித்தார்களா? நீதிபதியம்மா தலையாட்டிக் குறிப்பெடுத்தார். சாக்ஸ்காரனுக்கு மனசு குளிர்ந்தது. ஜெயித்துவிடுவோம் போலிருக்கிறதே!

"நியாயம்தான்" என்றார் நீதிபதி. "கீழ்க்கோர்ட் உத்தரவை ரத்து பண்ணிட்டுத் திரும்ப விசாரிக்கச் சொல்றேன். வாங்கினவர் கூண்டுல ஏறி, மெஷின் தன்னோடதுன்னு சத்தியம் பண்ணிச் சொல்லட்டும். பொய்னு தெரிஞ்சா ஜெயில்தான். அவர் தயாரா?"

"தயார்" என்றார் வக்கீல், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சாக்ஸ்காரன் திரும்பிப் பார்த்தான். அத்தான் எழுந்து நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, தானாகவே எழுந்துவிட்டார். உதடு உலர்ந்து, கை பெஞ்சைப் பிடித்திருந்தது. சொன்னதைச் செய்துவிடுவார். மைத்துனனுக்காகச் சத்தியம் பண்ணிப் பொய் சொல்லிவிட்டு, எப்போது போலீஸ் வரும் என்று கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இதற்கா ஜெயித்தோம்? அவனுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, மெஷின் என்னோடது" என்று எழுந்தான். "விக்கவே இல்ல. பழைய தேதி போட்டது நான். அத்தானுக்கு ஒண்ணுமே தெரியாது, நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னாரு."

"யோவ், உக்காருய்யா!" என்று வக்கீல் பதறிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தார். எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருந்த, அவனுக்குக் கடன் கொடுத்த நூல் வியாபாரி வாயைப் பிளந்தார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இதைச் சொன்னா மனு தள்ளுபடி ஆயிடும். மெஷின் ஏலத்துக்குப் போயிடும். தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரியும்மா." கொஞ்சம் தயங்கினான். "ஏலம் விடற வரைக்கும் எண்ணெய் மட்டும் போடச் சொல்லுங்க. துருப்பிடிச்சா வெலை போகாது. பாவம், அவங்களுக்கும் வர வேண்டிய பணம்."

மேல்முறையீடு தள்ளுபடியானது. சத்தியம் பண்ணி எதையும் சொல்லாத அத்தான்மேல் நடவடிக்கை வேண்டாம் என்றும், தானே உண்மையைச் சொன்னவன் இரண்டு வருஷம் கழித்து மறுபடி கடனிலிருந்து விடுதலை கேட்கலாம் என்றும் நீதிபதி உத்தரவில் எழுதினார். இரண்டு வருஷம் கூலிக்குத்தான் போக வேண்டும். போனால் போகிறது என்று நினைத்துக்கொண்டான், ஆனால் நெஞ்சு கேட்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் அக்கா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "படுபாவி! இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு, அடித்த இடத்தையே தடவிக்கொடுத்தாள்.

அத்தான் நொண்டி நொண்டி வந்து பக்கத்தில் நின்றார். சட்டைப்பையிலிருந்து எதையோ வெளியே எடுத்தார். நாலாக மடித்த ஒரு ஜோடி, இரட்டை மஞ்சள் கோடு.

"அப்போ இனிமே இதை நான் போட்டுக்கலாமா மாப்ளே?"

பட்டறைக்குச் சீல் வைத்தபோதுகூட அழாதவன், அத்தான் காலடியில் உட்கார்ந்து அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே அழுதான்.