சந்திரா கல்லிக்குப் பெயர் இல்லை

தலைநகரத்துத் துவாரகாவில் எங்கள் குடியிருப்பு சொசைட்டிக்கும் பக்கத்து சொசைட்டிக்கும் நடுவே ஒரு சந்து போகிறது. நீளம் இருநூற்றுப் பத்து மீட்டர். ஒரு முனையில் மெட்ரோவுக்குப் போகிற பெரிய ரோடு, மறு முனையில் டிரான்ஸ்ஃபார்மர். இதற்கு 'சாரநாதன் மார்க்' என்று பெயர் சூட்ட வேண்டும் என்று ராஜகோபாலன் மாநகராட்சிக்கு மனுப் போட்டார். சாரநாதன் அவருடைய தகப்பனார்.

சாரநாதன் மத்திய அமைச்சகம் ஒன்றில் அண்டர் செக்ரட்டரியாக ரிட்டயரானவர். அவர் தேசத்துக்குச் செய்த சேவை மனுவில் பதினோரு பத்திக்கு ஓடியது. சுருக்கினால், ஏப்ரல் முதல் தேதிக்கு முன்னால் ஆபீஸ் மின்விசிறிகள் சுழலக் கூடாது என்று சுற்றறிக்கை எழுதியவர் அவர்தான். அந்த மார்ச் மாதங்களில் வியர்த்துக் கொட்டியவர்கள் நாலைந்து பேர் எங்கள் பிளாக்கிலேயே இருக்கிறார்கள். அவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். ராஜகோபாலன் சரியாகச் சாப்பாட்டு வேளைக்கு வந்து காலிங் பெல் அடிப்பார். கையெழுத்துப் போட்டால்தான் ரசம் ஆறுவதற்குள் திரும்பி உட்கார முடியும். நானும் அப்படித்தான் போட்டேன்.

பெயர்ப் பலகைக்கு அவர் குறித்த இடம் சந்தின் வாய். அங்கே சந்திரம்மாளின் இட்லி வண்டி நிற்கிறது.

சந்திரம்மாள் விழுப்புரம் பக்கம். பதினெட்டு வருஷமாகக் காலை ஆறு முதல் பதினொன்று வரை அதே இடம். மெட்ரோவுக்கு ஓடுகிற பாதிப் பேர் அவள் கை இட்லியைத் தின்றுகொண்டே ஓடுகிறவர்கள். இரண்டு வருஷம் முன்பு நடைபாதைக் கடைகளைக் கணக்கெடுக்க வந்தவர்கள், வண்டியோடு அவளை நிறுத்திப் படம் எடுத்து ஒரு சீட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டியில் தொங்கவிட்டிருந்தாள்.

ராஜகோபாலன் அவளிடம் விஷயத்தைச் சொன்னபோது நான் சாம்பார் ஆறக் காத்துக்கொண்டிருந்தேன்.

"போர்டு வரப்போறதும்மா. கொஞ்சம் தள்ளிக்கோ."

"எங்க சார் தள்றது?"

"நாலடி. என்ன பெரிய விஷயம்?"

"நாலடி தள்ளுனா சாக்கடைல நிக்கணும். அந்தாண்ட தள்ளுனா ரிக்சாக்காரன் வுட மாட்டான். சீட்டுல இந்த எடத்தத்தான் போட்டோ புடிச்சிருக்காங்க. எடம் மாறுனா சீட்டு செல்லாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க சார்."

"எங்கப்பா பேரு வரப்போறதேன்னு உனக்கு ஒரு சந்தோஷம் வேண்டாமா?"

"நல்ல மனுசரு. சட்னி மட்டும் ரெண்டு தரம் கேப்பாரு," என்றாள் சந்திரம்மாள். ராஜகோபாலன் இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

பெயர் சூட்ட இரண்டு நிபந்தனைகள் உண்டு என்று மாநகராட்சியில் சொல்லியிருந்தார்கள். பெயருக்குரியவர் காலமாகியிருக்க வேண்டும். தெரு பெயரில்லாததாக இருக்க வேண்டும். முதலாவதை அவருடைய தகப்பனார் பன்னிரண்டு வருஷம் முன்பே நிறைவேற்றிவிட்டார். இரண்டாவதற்கு, 'மேற்படி சந்துக்கு எந்நாளும் எப்பெயரும் இருந்ததில்லை' என்று ராஜகோபாலன் உறுதிமொழி எழுதினார்.

அத்தோடு விட்டிருக்கலாம். முப்பத்தாறு வருஷம் செக்‌ஷன் ஆபீசராகவும் அதற்குக் கீழேயும் இருந்தவருக்கு ஃபைல் என்றால் கனக்க வேண்டும். ஒரு காகிதம் போதும் என்கிற இடத்தில் ஒன்பது வைத்தார். இணைப்புகள் மொத்தம் நாற்பத்தொன்று. நூல் கோத்து, அடையாளக் கொடிச் சீட்டு ஒட்டி, பக்க எண் போட்டு, தலையணை மாதிரி கொண்டுபோய்க் கொடுத்தார்.

விசாரணைக்கு மாநகராட்சி இன்ஸ்பெக்டர் ஒருவர் ஃபைலோடு வந்தார்; கூடவே ராஜகோபாலன், நான் வழக்கம்போல் வண்டியருகில். காலை எட்டரை மணி, பசி. நேரே சந்திரம்மாளிடம் போய் ஒரு பிளேட் சொல்லிவிட்டு ஹிந்தியில் கேட்டார்.

"ஆன்ட்டி, இந்த கல்லிக்கு என்ன பேர்?"

ஆட்டோக்காரர்கள், கூரியர் பையன்கள், பால் வண்டி, எல்லாரும் அதை 'சந்திரா கல்லி' என்றுதான் சொல்வார்கள்; கல்லி என்றால் ஹிந்தியில் சந்து. அவளுக்கும் தெரியும். ஆனால் தன் பெயரில் ஒரு தெரு இருக்கிறது என்று தானே எப்படிச் சொல்வாள்?

"பேரெல்லாம் ஒண்ணும் இல்ல சாப்," என்றாள், ஹிந்தியில்.

ராஜகோபாலன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பாத்தேளா, அவளே சொல்லிட்டா." இன்ஸ்பெக்டர் அதைக் குறித்துக்கொண்டார். வண்டியின் கதை அங்கேயே முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

இரண்டாவது பிளேட் வர நேரமானது. இட்லி இன்னும் வேகவில்லை. மனிதருக்குச் செய்ய வேறொன்றும் இல்லாததால் ஃபைலைப் பிரித்தார். இணைப்புகளை யாரும் படிப்பதில்லை. ராஜகோபாலனே தன் சர்வீசில் படித்ததில்லை. இவர் படித்தார். பதினேழாவதில் நின்றார்.

அது சாரநாதன் காலமானதற்கு ஆதாரம். இறப்புச் சான்றிதழ் பதினாறாவது இணைப்பாக ஏற்கெனவே இருந்தது. கனம் போதாது என்று பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு அச்சடித்த கார்டையும் ராஜகோபாலன் சேர்த்திருந்தார். உறவுக்காரர்கள் வழி தெரியாமல் அலையக் கூடாது என்று அன்றைக்கு அதன் அடியில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது: 'வழி: சந்திரா கல்லி, இட்லி வண்டிக்கு எதிரில்.'

"ராஜகோபாலன் ஜி, இந்த கார்டு நீங்க அடிச்சதுதானே?"

"ஆமாம்."

"சந்திரா கல்லி எது?"

ராஜகோபாலன் கார்டை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தாழ்த்திப் பார்த்தார். சந்திரம்மாள் இட்லிப் பானையின் மூடியைத் திறந்தாள். இன்ஸ்பெக்டர் வண்டியில் தொங்கிய சீட்டிலிருந்த அவள் பெயரைப் படித்தார்; முன்பு எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. மேற்படி சந்து மனுதாரரின் சொந்த ஆவணப்படியே ஏற்கெனவே பெயருடையது. ஆகவே புதுப் பெயர் சூட்ட இயலாது. இருக்கிற பெயருக்குரியவர் உயிரோடு இருப்பதால் அந்தப் பெயரிலும் பலகை வைக்க இயலாது. மனு முடித்து வைக்கப்படுகிறது.

ராஜகோபாலன் அதை மூன்று தரம் படித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆர்டர் நன்னா எழுதியிருக்கான்," என்றார். "ஒரு ஓட்டை கிடையாது. அப்பா இருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பார்."

சந்திரம்மாளுக்கு நான்தான் போய்த் தமிழில் சொன்னேன். பலகை வராது, வண்டியை நகர்த்த வேண்டாம் என்றதும் சீட்டின் உறையைத் துணியால் துடைத்தாள். இந்தச் சந்து அரசாங்கக் காகிதத்தில் அவள் பெயரில்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். பெருமைப்படுவாள் என்று நினைத்திருந்தேன்.

"நான் உசுரோட இருக்கறதாலதான் போர்டு வைக்கலையா?"

"ஆமாம்."

"செத்தா வைப்பாங்களா?"

"யாராவது மனுப் போட்டா வைக்கலாம்."

"எங்க வைப்பாங்க?"

சந்தின் வாயில்தான் என்று கையைக் காட்டினேன்.

"நல்லாருக்கே சார். அப்ப எம்பொண்ணு உஷாராணி வண்டிய எங்க போடுவா? யாரும் மனு கினு போட வேணாம்னு சொல்லி வைங்க," என்று கரண்டியை எடுத்தாள். "உங்களுக்கு எத்தினி?"