செபஸ்தியாரின் கோப்பு

துசியந்தனுக்கு முதல் அடியைத் துடுப்புச் சவளால் போட்டவர், கரையின் படகுகளுக்கு முதலாளியான சவிரிமுத்துச் சம்மாட்டியார். சவள் உடைந்தது. நல்ல சவள் என்று நாலைந்து பேர் வருத்தப்பட்டார்கள். பிறகு பூவரசில் கட்டிவைத்து ஆளுக்கொரு தடியால் அடித்தார்கள்.

குற்றம், கோயில் செபஸ்தியாரைக் கொழும்பில் விற்றது. ஆளுயர மரத்தில் செதுக்கிய, உடம்பில் ஐந்து அம்போடும் இடது காலில் ஒரு விரல் குறைவாகவும் நின்ற பழைய செபஸ்தியார் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் காணாமற்போயிருந்தார். எட்டு வருடம் கழித்து, சவுக்காரம் சுற்றிவந்த கொழும்புப் பேப்பர்த் துண்டில் படமாகத் திரும்பி வந்தார். யாரோ பணக்காரரின் விறாந்தை, பக்கத்தில் பூச்சாடி. காலில் அதே விரல் இல்லை.

கரையில் கொழும்புக்குப் போய்வந்தவன் துசியந்தன் மட்டுந்தான். வரும்போது ஒரு படகு எஞ்சினும் கொண்டுவந்தான். மண்ணெண்ணெய்த் தடையால் அந்த எஞ்சினில் இரண்டு வருடமாகக் கோழிகள்தான் ஏறி நின்றன. என்றாலும் சாட்சி சாட்சிதான்.

“பெருநாள் பூசை முடியட்டும். வலக்கையிலை மூண்டு விரல் எடுப்பம்,” என்றார் சவிரிமுத்து. “அவருக்குக் குறைஞ்சா இவனுக்கும் குறையட்டும்.”

மூன்று விரல் போனால் வலை இழுக்க முடியாது. பெருநாளுக்கு மூன்று நாள் இருந்தது.

“அக்கா,” என்றான் துசியந்தன் வாயில் இரத்தத்தோடு, “ஆமிதான் ஏத்திக்கொண்டு போனது. அப்பா அரசாங்கக் கச்சேரியிலை எழுதிக் குடுத்தவர். அதைத் தேடி எடு.”

அப்பா யோசெப்பைக் கேட்க வழியில்லை. தொண்ணூற்றாறில் ஷெல் விழுந்தபோது அவரைச் சாக்கில் அள்ளித்தான் புதைத்தார்கள். அக்கா கலிஸ்ரா சைக்கிளை எடுத்தாள்.

கச்சேரியின் பழைய கோப்புகள் இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் ஒரு நெற்களஞ்சியத்துக்குள் கிடந்தன. காவல் வீரகத்தியர்: யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறியவர், காலையில் வயல், ஒன்பது மணிக்கு அரசாங்கம். இடப்பெயர்வின்போது மனைவியின் ஆட்களை உழவு இயந்திரத்திலிருந்து இறக்கிவிட்டு அந்த இடத்தில் கோப்புகளை ஏற்றியவர். கேட்டால், “ஆக்கள் நடந்து வருவினம். பைல் நடக்குமோ?” என்பார்.

இரண்டு நாள் சொத்திழப்புக் கட்டுகளைப் பிரித்தார்கள். பித்தளை மயில், வால் மட்டும் மீதி. நடராசர் ஒருவர், சபையோடு. தேர்ச் சிற்பம் பதினொன்று, விறகாகியிருக்கலாம். எடுத்தவர் பெயர் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் ‘இனந்தெரியாதோர்’. வன்னி முழுவதையும் அந்த ஒரே குடும்பந்தான் கொள்ளையடித்திருந்தது. செபஸ்தியார் மட்டும் எதிலும் இல்லை.

பெருநாளன்று விடிய வீரகத்தியர் கண்ணாடியைக் கழற்றினார். “உங்கட சிலையைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லைப் பிள்ளை.”

கலிஸ்ரா தன்னையறியாமல் கன்னத்தைப் பொத்தினாள். அவளுடைய வீட்டில் செபஸ்தியாரைச் சிலை என்று சொல்லக்கூடாது. ஒன்பது வயதில் ஒருதரம் சொன்னதற்குத் துசியந்தனின் முன்பல்லை அப்பா உடைத்திருந்தார்.

“ஐயா, அப்பா சொத்துப் படிவத்திலை கையெழுத்தே வைச்சிருக்கமாட்டார். அவருக்கு அது ஆள். காணாமற்போன ஆக்களின்ரை பெட்டியைத் தாங்கோ.”

பத்து நிமிடத்தில் கிடைத்தது. பெயர்: செபஸ்தியார். தொழில்: புனிதர். அடையாளம்: ஐந்து அம்புக் காயம். கொண்டுபோனவர்: ஆமி. கூடவே ஒரு சிகரெட் பெட்டி மட்டையில் அதிகாரி ஒருவரின் பற்றுச்சீட்டு, ‘மர மனிதன் ஒன்று, பாதுகாப்புக்காகப் பெற்றேன்.’ கீழே கச்சேரியின் சிவப்பு மை, ‘இறந்ததாகக் கருதலாம்.’

“எத்தினை தாய்மார் கால் தேய நடந்தவை, இப்பிடி ஒரு வரிக்கு,” என்றார் வீரகத்தியர். “மரத்துக்குக் குடுத்திருக்கிறாங்கள்.”

“தாங்கோ ஐயா, நேரம் போகுது.”

“மூலம் வெளியாலை போகாது. பிரதி எழுதித் தாறன். மூண்டு பிரதி.”

“ஒண்டு காணும்!”

“சட்டம் மூண்டு.”

முதற் பிரதியில் கையெழுத்திட்டு இரண்டாவதைத் தொடங்கினார். அப்போதுதான் மேலே கிபிர் விமானம் இரைந்தது. கலிஸ்ரா முதற் பிரதியைப் பறித்துக்கொண்டு வெளியே பங்கர் குழிக்கு ஓடினாள்.

“முத்திரை குத்தேல்லைப் பிள்ளை!” என்று கத்தியபடி அவர் மேசைக்குத் திரும்பினார்.

குண்டு களஞ்சியத்தின் நடுவில் விழுந்தது. அவள் வெளியே வந்தபோது வானத்திலிருந்து தாள்கள் இறங்கிக்கொண்டிருந்தன, எரிந்தபடி. வீரகத்தியர் வாசல்வரை வந்திருந்தார், இடுப்புவரை மட்டும். வலக்கை றப்பர் முத்திரையை விடவில்லை. ஒவ்வொரு விரலாக விரித்து அதை எடுத்தாள். சிறுவிரலை விரிக்க முறிக்க வேண்டியிருந்தது.

சைக்கிளை எப்படி மிதித்தாள் என்று அவளுக்கே தெரியாது. கோயிலடிக்கு வந்தபோது பூசை முடிந்திருந்தது. துசியந்தனின் வலக்கையை மீன் வெட்டும் கட்டையில் இரண்டு பேர் அழுத்திப் பிடித்திருந்தார்கள். சவிரிமுத்தின் கையில் சுறா வெட்டும் கத்தி. ஒன்று முடிந்திருந்தது.

“நிப்பாட்டுங்கோ!”

சவிரிமுத்து பிரதியை வாங்கி எழுத்தெழுத்தாக வாசித்தார். கடைசியில் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

“முத்திரை எங்கை?”

கூட்டம் தலையாட்டியது. முத்திரை இல்லாததால் நிவாரணம் மறுக்கப்படாத குடும்பம் அந்தக் கரையில் இல்லை. முத்திரையில்லாத தாள் மீன் சுற்றத்தான் ஆகும். சவிரிமுத்து கத்தியைத் திரும்ப எடுத்தார்.

கலிஸ்ரா பைக்குள்ளிருந்து முத்திரையை எடுத்தாள். மை இல்லை. கட்டையில் தம்பியின் கையிலிருந்து ஓடித் தேங்கியதில் அதைத் தோய்த்து, சம்மாட்டியாரின் கையில் இருந்த தாளைப் பறித்துக் கட்டையிலேயே வைத்து ஓங்கிக் குத்தினாள். சிங்கம், வட்டம், மூன்று மொழி எல்லாம் தெளிவாக விழுந்தன.

“இப்ப வாசியுங்கோ சம்மாட்டியார்.”

அவர் வாசித்தார். கத்தியை இடுப்புச் சாரத்தில் துடைத்தார்.

“இதை முந்தாநாளே கொண்டந்திருக்கலாமே, பிள்ளை,” என்றார் குறையாக. பிறகு, “அவிழ்த்து விடுங்கோடா.”

முடிச்சு இரத்தத்தில் இறுகிப்போயிருந்தது. அந்தக் கத்தியாலேயே அறுத்தார்கள். துசியந்தன் அக்காவின் தோளில் சரிந்தான். கண்ணை இறுக மூடியிருந்தான்.

“அக்கா, எத்தினை மிச்சம்? என்னாலை பாக்கேலாது.”

“நாலு,” என்றாள். “வலை இழுக்கலாம். நட.”