உள்ளறையில் தூக்கிய கைகள்

வீட்டில் யாராவது காத்திருந்தால்தான் எங்கள் அலுவலகத்தில் வெளியே விடுவார்கள்.

மாலையில் வரிசையில் நிற்போம். ஒவ்வொருவருக்கும் வாசல் கணினி உள்ளறையில் தனித்தனியாகக் கேட்கும்: இவருக்காகக் காத்திருப்பது யார்? ஒரே ஒரு பெயர் வர வேண்டும். பெயர் வராதவர் தங்கிவிட வேண்டியதுதான். நான் சேர்ந்ததிலிருந்து தங்கியிருக்கிறேன். என் பல் துலக்கும் பிரஷ் லிஃப்டில் இருக்கிறது.

இன்று கதவு யாருக்கும் திறக்கவில்லை. ஒரு பெயர் கேட்டால் பல பெயர்கள் வருகின்றன என்றது பிழைச் செய்தி.

குழுத் தலைவி எஸ்தர் மேடம் என் மேசைக்கு ஓடி வந்தார். "பரிதி, வாசல் கணினி கேள்வி கேக்குற அந்தக் குவெரியைப் பாருங்க. என் பையன் ஸ்கூல் வாசல்ல தனியா நிக்கிறான்."

உள்ளறைக்குப் போனேன். நடக்க நடக்க வராந்தா நீண்டது. வேறு வேலை இல்லை அதற்கு.

உள்ளே ஊரில் காத்திருக்கும் அத்தனை பேரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். அறை வாசலில் நின்று, கணினி கேட்பதுபோல் என் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் கை தூக்கினார்கள்.

"எனக்காகவா?"

"பின்ன யாருக்காம்?" என்றார் முதல் நாற்காலியில் இருந்த யாரோ ஓர் அம்மா. மடியில் டிபன் கேரியர். "மணி என்ன ஆகுது? தோசை ஆறிப்போச்சு."

என்னை யாரும் திட்டி எவ்வளவு காலம் ஆயிற்று! அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்தேன்.

பிழை சின்னதுதான். காத்திருப்பவரிடம் உள்ள ஊழியர் எண்ணை, வரிசையில் நிற்பவரின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். எந்த எண் என்று காட்ட, அதற்கு முன்னால் ‘வரிசை’ என்று எழுத வேண்டியதை யாரோ விட்டிருந்தார்கள். கேள்வி வெளியே பார்க்காமல், உள்ளே இருந்த எண்ணை அதே எண்ணோடு ஒப்பிட்டது. பொருந்தாமல் என்ன செய்யும்?

மேடம் போனில் கத்தினார். "முதல் பேரை மட்டும் எடுத்துக்கச் சொல்லுங்களேன். கதவு திறந்துரும்ல?"

திறக்கும். எனக்கும் திறக்கும். முதல் பெயர் தோசை அம்மாவுடையது.

"எல்லாருக்கும் அதே பேர்தான் வரும் மேடம். நீங்களும் அந்த வீட்டுக்குத்தான் போகணும்."

"அப்ப என் பையன்?"

விட்டுப்போன ‘வரிசை’ என்ற சொல்லை எழுதினேன்.

கைகள் இறங்கின. வெளியே கதவு திறக்கத் திறக்க, நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மேடம் நன்றி சொல்லாமல் ஓடினார். பரவாயில்லை.

தோசை அம்மாவும் எழுந்தார். என்னைப் பார்த்து நின்றார்.

"நீ யாருப்பா?"

கடைசியாக நான் வாசலுக்குப் போனேன். கணினி என் பெயரை உள்ளறையில் கேட்டது. பதில் வரவில்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. குவெரி சரியாக வேலை செய்தது.